இரண்டு பக்க ஒப்பந்தமும் 108 இலட்ச ரூபா மேலதிகச் செலவும்: தெஹிவளை வீடொன்றின் நிகழ்வு ஆய்வு

2023 கார்த்திகையில் கொழும்பை அடுத்த தெஹிவளைப் பக்கம் ஏழரைப் பேர்ச் காணியில் இரண்டு மாடி வீடு கட்டுவதற்கு 209 இலட்ச ரூபாவுக்கு ஒப்பந்தம் செய்துகொண்ட ஒரு குடும்பம், 2025 வைகாசியில் குடிபூரல் முடித்தபோது 316 இலட்சத்து 92 ஆயிரம் ரூபா செலவழித்திருந்தது. இடையில் உள்ள 107 இலட்சத்து 92 ஆயிரம் ரூபா எங்கே போனது, அதில் எவ்வளவு உண்மையிலேயே எதிர்பாராதது என்பதே இந்த ஆய்வின் பொருள். கணிய அளவையாளராக, அதாவது கட்டட வேலையின் அளவையும் செலவையும் கணக்கிடுபவராக, தொழில் செய்யும் என்னிடம் இந்தக் கணக்கு வந்தது வேலை தொடங்கி நான்காவது மாதத்தில், அதாவது வீட்டுக்காரருக்கும் ஒப்பந்தகாரருக்கும் பேச்சு முறுகிய பிறகு. வீட்டுக்காரர் எனக்குத் தூரத்து உறவு. அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். ஆகவே நான் முழு நடுநிலையாளன் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விபரங்களைத் தவிர்த்திருக்கிறேன். கணக்கில் கை வைக்கவில்லை.

யாழ்ப்பாணத்து வடமராட்சியிலிருந்து வந்து வெள்ளவத்தையில் 22 வருடம் வாடகைக்கு இருந்த குடும்பம் அது. அண்ணை கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், ஆசிரியை. வரவு செலவு பார்க்கத் தெரியாதவர்கள் ஏமாந்த கதையாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். காணியை 2022 கடைசியில் வாங்கியவர்கள், உடனே கட்டாமல் ஒரு வருடம் பொறுத்திருந்தார்கள். அதற்குக் காரணம் இருந்தது. 2021 ஒக்டோபரில் சீமெந்துக்கான விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டதிலிருந்து, ஏறத்தாழ ஆயிரம் ரூபாவாக இருந்த 50 கிலோ பை 2022 நடுப்பகுதியில் மூவாயிரத்தை எட்டியதையும், மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்டதும் 200 ரூபாவாக இருந்த டொலர் 360ஐத் தாண்டியதையும், ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியதையும், அந்த வருடம் பாதியில் நின்றுபோன எத்தனையோ வீடுகளையும் கொழும்பில் எல்லாரும் கண்டார்கள். அண்ணை அதிலிருந்து பாடம் படித்தார். ஒவ்வொரு மாதமும் கடையில் சீமெந்து விலையும் கம்பி விலையும் கேட்டு ஒரு கொப்பியில் எழுதிவந்தார். விலை அடங்கிவிட்டது என்று திருப்திப்பட்ட பிறகே ஒப்பந்தத்துக்கு இறங்கினார்.

அந்தக் கொப்பியை நான் பார்த்தேன். பதினான்கு மாத விலை அதில் இருந்தது. காணியின் மண்ணைப் பற்றி ஒரு வரிகூட இருக்கவில்லை.

காணியின் பெயர்

மேலதிகச் செலவின் மிகப் பெரிய துண்டு அத்திவாரம்: 34 இலட்சத்து 25 ஆயிரம் ரூபா. மொத்த மேலதிகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று. மார்கழி பிறக்குமுன் கல் நாட்ட வேண்டும் என்ற அவசரத்தில், நாள் வைத்து, கல் நாட்டி, அடுத்த நாளே குழி தோண்டத் தொடங்கினார்கள். மழைக்காலம் இன்னும் முடியவில்லை. முதல் மூன்றடி சிவந்த கிரவல், எல்லாருக்கும் சந்தோஷம். அதற்குக் கீழே மண்வெட்டி சத்தமில்லாமல் இறங்கியது. மேலே வந்தது கரிய, நார் நாரான சேறு. கையில் எடுத்துப் பிழிந்தால் தேநீர்ச் சாயம்போல் தண்ணீர் வடியும். உக்கிய வேரும் இலையும் அதில் அப்படியே தெரியும். பீட் என்று பொறியியலாளர்கள் சொல்வது இதைத்தான். ஒப்பந்தகாரர் ஒரு பத்தடிக் கம்பியைக் கையால் அழுத்தினார்; ஏழரை அடி வரை தடையில்லாமல் போனது. குழிக்குள் இரவோடிரவாக நீர் ஊறி, காலையில் பக்கத்து வீட்டு மதிலின் அடிமண் சரியத் தொடங்கியிருந்தது.

கொழும்பின் நிலவமைப்பை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு எதுவும் இல்லை. மேட்டுப் பகுதிகளில் கபோக் என்ற செம்பூரான் கல்லும் செம்மண்ணும் கிடக்கும். மேடுகளுக்கு இடையே உள்ள பள்ளங்களில், கால்வாய்களை அண்டிய பழைய வயல்களிலும் சதுப்பிலும், பீட் இருக்கும். ஒரே ஒழுங்கையின் ஒரு முனையில் கபோக்கும் மறு முனையில் சேறும் இருக்கலாம். ஆனால் அண்ணைக்கு மண் என்றால் யாழ்ப்பாண மண். குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணக்கல். பல இடங்களில் இரண்டு மூன்றடி தோண்டினால் கல் தட்டும், அதன் மேல் அத்திவாரம் போட்டுவிடலாம். அங்கே வீடு கட்டுகிறவர் கேட்பது கிணற்றுத் தண்ணீர் நல்லதா, உவரா என்றுதான். நிலம் தாங்குமா என்று கேட்கும் பழக்கம் அவருக்கு வருவதற்கு வழியே இருக்கவில்லை.

இருந்தும் காணி தன்னைப் பற்றி ஏற்கெனவே சொல்லியிருந்தது. காணி உறுதியை வாங்கிப் பார்த்தேன். அட்டவணையில் காணியின் பழைய சிங்களப் பெயர் இருந்தது. அது ‘கும்புர’ என்று முடிந்தது. கும்புர என்றால் வயல். தென்பகுதி உறுதிகளில் காணிப் பெயரின் கடைசிச் சொல்லே பாதி மண் பரிசோதனை: ‘வத்த’ என்றால் தோட்டம், ‘தெனிய’ என்றால் பள்ளத்தாக்கு நிலம், ‘ஓவிட்ட’ என்றால் வயலை அண்டிய நிலம். உறுதி எழுதிய நொத்தாரிசு முப்பது வருடப் பின்னுறுதிகளைப் பார்த்து உரிமை சுத்தம் என்று சொன்னார். அவருடைய வேலை அவ்வளவுதான். பெயருக்குப் பொருள் சொல்வது யாருடைய வேலையும் அல்ல.

பக்கத்து வீட்டில் எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மா இருக்கிறார். குழியை எட்டிப் பார்த்துவிட்டு, தான் கலியாணம் முடித்து வந்த காலத்தில் அந்த இடத்தில் கங்குன் பறித்ததாக அண்ணையிடம் சிங்களத்தில் சாதாரணமாகச் சொன்னார். கங்குன் நீர் நிற்கும் இடத்தில் வளரும் கீரை. அண்ணை சிங்களம் நன்றாகப் பேசுவார். காணி வாங்குவதற்குமுன் நாலைந்து தடவை அங்கே போயிருக்கிறார். அந்த அம்மாவுடன் கதைத்தும் இருக்கிறார், தண்ணீர் வெட்டைப் பற்றியும் திருட்டுப் பயத்தைப் பற்றியும்.

வேலை ஐந்து வாரம் நின்றது. அமைப்புப் பொறியியலாளர் ஒருவரைப் பிடித்து, இரண்டு இடங்களில் துளையிட்டு மண் பரிசோதித்தார்கள். அதற்கு 95 ஆயிரம். சேற்றை முழுவதுமாக வெட்டி அகற்றி, தண்ணீர் இறைத்து, லொறியில் ஏற்றி அனுப்ப 5 இலட்சத்து 60 ஆயிரம். அந்த இடத்தைக் கருங்கல்லாலும் கிரவலாலும் படை படையாக நிரப்பி இறுக்க 11 இலட்சத்து 40 ஆயிரம். பக்கத்து மதில் விழாமல் முட்டுக்கொடுக்க 2 இலட்சத்து 10 ஆயிரம். தனித்தனித் தூண் அத்திவாரத்துக்குப் பதிலாக வீட்டின் முழு அடிப்பரப்புக்கும் ஒரே தட்டாகப் போட்ட ராப்ட் கொங்கிறீட்டுக்கும் கம்பிக்கும், பழைய அத்திவாரத்துக்கு ஒதுக்கியதைக் கழித்து, 14 இலட்சத்து 20 ஆயிரம்.

இங்கே ஒரு வித்தியாசத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். முன்கூட்டியே மண்ணைப் பரிசோதித்திருந்தாலும் சேறு அங்கேதான் இருந்திருக்கும். இந்தச் செலவில் பெரும் பகுதி தவிர்க்க முடியாதது. மிஞ்சியிருக்கக்கூடியது மதிலுக்கு முட்டுக்கொடுத்த செலவும், அவசரத்தில் கேட்ட விலைக்கு வாங்கிய கல்லும், நாள் கணக்கில் ஓடிய பம்பின் வாடகையுமாக ஏறத்தாழ 6 இலட்சம். ஆனால் அதே 95 ஆயிரத்தைக் காணி வாங்குமுன் செலவழித்திருந்தால், பேர்ச் விலையைக் குறைத்துப் பேசியிருக்கலாம், வேறு காணி பார்த்திருக்கலாம், அல்லது வீட்டை 1,500 சதுர அடிக்குச் சுருக்கியிருக்கலாம். குழிக்குள் தண்ணீர் நிற்கும்போது இந்த மூன்றில் ஒன்றும் கைவசம் இல்லை.

சதுர அடி என்ற கணக்கு

ஒப்பந்தம் இரண்டு பக்கம். அதன் இதயம் ஒரே வரி: 1,900 சதுர அடி, சதுர அடிக்கு 11,000 ரூபா. கொழும்பில் வீடு கட்டுகிறவர்கள் சந்திக்கும்போது முதலில் கேட்பதும் இதுதான்: “சதுர அடி என்ன மாதிரிப் போகுது?” இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் கிடையாது என்பது என் அனுபவம். ஏனென்றால் அந்த எண்ணுக்குள் எது அடக்கம் என்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். இந்த 1,900இல் 240 சதுர அடி வாகனத் தரிப்பிடமும் பல்கனியும்; கதவில்லாத, சுவரில்லாத அந்த இடத்துக்கும் அதே 11,000.

மறுபக்கம், மதில், கேற், மலக்குழி, நிலத்தடித் தண்ணீர்த் தாங்கி, மேல் தாங்கி, பம்ப், மழைநீர்க் கான், முற்றத்துக்குக் கல் பதித்தல் ஆகிய எதுவும் அந்த எண்ணுக்குள் இல்லை. ஒப்பந்தகாரர் மறைத்தார் என்று சொல்ல முடியாது. அண்ணை கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. இவற்றுக்கு 26 இலட்சத்து 70 ஆயிரம் போனது. மதில் மட்டும் 9 இலட்சத்து 80 ஆயிரம். ஏனெனில் மதிலும் அதே சேற்றின் மேல்தான் நிற்க வேண்டும். மலக்குழியின் கதையும் அதுதான். நிலத்தடி நீர் இரண்டரை அடியில் நிற்கும் இடத்தில் சாதாரண ஊறல் குழி ஊறாது, நிரம்பித் திரும்பும். ஆகவே நீர் புகாத தாங்கியும் வடிகட்டும் அறையும் கட்ட வேண்டி வந்தது. மண்ணைப் பற்றிக் கேட்காத ஒரு கேள்வி எத்தனை தலைப்புகளில் திரும்ப வந்து காசு கேட்டது என்பதை, பட்டியலைப் பிரித்து எழுதும்போதுதான் நானே கண்டேன்.

மூன்றாவது துண்டு, ‘நல்ல தரமான’ என்ற சொல். ஒப்பந்தத்தில் ‘நல்ல தரமான டைல்ஸ்’, ‘நல்ல தரமான குளியலறைப் பொருத்துகள்’ என்று எழுதியிருந்தது. ஒப்பந்தகாரரின் மனத்தில் டைல்ஸ் சதுர அடி 200 ரூபா. அக்கா கடையில் கை வைத்தது 380 ரூபாவுக்கு. வெட்டுக் கழிவு சேர்த்து 2,400 சதுர அடிக்கு வித்தியாசம் மட்டும் 4 இலட்சத்து 32 ஆயிரம். மூன்று குளியலறைகளுக்கு 2 இலட்சத்து 85 ஆயிரம். சமையலறை அலுமாரிகள் ஒப்பந்தத்தில் இல்லவே இல்லை, அவை 8 இலட்சத்து 40 ஆயிரம். விளக்குகள் 2 இலட்சத்து 60 ஆயிரம். ஆக 18 இலட்சத்து 17 ஆயிரம். இதற்கு நான் ஒருவரையும் குறை சொல்லமாட்டேன். 22 வருடம் மற்றவர் வீட்டுச் சமையலறையில் சமைத்த ஒருவர் தன் சொந்தச் சமையலறைக்கு டைல்ஸ் தெரிவுசெய்யும்போது 200 ரூபாவில் நிற்பார் என்று எதிர்பார்த்ததுதான் தவறு.

பீ.ஓ.கியூ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அளவுப் பட்டியல் ஒன்று இருந்திருந்தால், இந்த இரண்டு துண்டுகளும், அதாவது 44 இலட்சத்து 87 ஆயிரமும், ஒப்பந்தத்துக்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்திருக்கும். வேலை ஒவ்வொன்றும் என்ன அளவு, என்ன விலை, எந்தத் தரம் என்று அதில் தனித்தனியே இருக்கும். 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நிர்மாணத் துறையைக் கவனிக்கும் அதிகாரசபை, ‘சீடா’ என்று எல்லாரும் சொல்வது, மாதிரி ஒப்பந்தப் பத்திரங்களை வெளியிட்டிருக்கிறது. ஒப்பந்தகாரர்களைத் தரம் பிரித்துப் பதிவும் செய்கிறது. அண்ணையின் ஒப்பந்தகாரர் பதிவில் இருந்தார். ஆனால் ஆவணம் வேண்டும் என்று கேட்டால் அவர் விலையைக் கூட்டிவிடுவார் என்று அண்ணை பயந்தார். அந்தப் பயம் சரியானது, கூட்டியிருப்பார். கூட்டிய விலைதான் உண்மை விலை.

அக்கினி மூலை

அடுத்தது வீட்டுக்காரரே வரவழைத்த செலவு: 7 இலட்சத்து 30 ஆயிரம். கீழ்த்தளச் சுவர்கள் லிண்டல் மட்டத்துக்கு, அதாவது கதவு ஜன்னல்களின் மேல் விளிம்பு வரை, வந்திருந்த நேரம், கனடாவில் இருக்கும் பெரியப்பா வாட்ஸ்அப்பில் படம் பார்த்துவிட்டு, சமையலறை அக்கினி மூலையில் இல்லை என்றார். வரைபடம் ஒரு வருடமாக எல்லாருடைய கைத்தொலைபேசியிலும் இருந்தது. ஆனால் வரைபடத்தில் திசை பார்ப்பவர் குறைவு, சுவர் எழும்பிய பிறகே மூலை தெரிகிறது. இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை. மூன்றாம் நாள் காலை அண்ணை வந்து, “இடியுங்கோ” என்றார். மேசன் பாஸ் சுத்தியலை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். அவர் கட்டிய சுவர் அது. சுவரோடு தண்ணீர்க் குழாய்களும் கழிவுக் குழாய்களும் சாமி அறையும் இடம் மாறின. ஏற்கெனவே வேலை குழம்பியாயிற்று என்ற நினைப்பில், மேல்மாடிப் பின்பக்கப் பல்கனியையும் ஒன்றரை அடி அகலித்துக்கொண்டார்கள். பிறகு அந்தப் பல்கனிக்கு வருகிறேன்.

வாஸ்து பார்ப்பது பற்றி எனக்கு அபிப்பிராயம் உண்டு, அது இங்கே தேவையில்லை. பார்ப்பதானால் கடதாசியில் பார்ப்பதற்குச் செலவு ஒரு தேநீர்; சுவரில் பார்ப்பதற்கு ஏழு இலட்சம்.

விலை ஏற்றமும் மற்றவையும்

எல்லாரும் பயந்த சாமான் விலை ஏற்றத்துக்கு மொத்தமாகப் போனது 4 இலட்சத்து 10 ஆயிரம். மேலதிகச் செலவில் நூற்றுக்கு நான்குகூட இல்லை. ஒப்பந்தகாரர் முதலில் 11 இலட்சம் கேட்டார். “ஐயா, சாமான் எல்லாம் ஏறிப்போச்சு” என்பது நியாயமாகவும் தோன்றியது, ஏனென்றால் 2024 ஜனவரி 1ஆம் திகதி பெறுமதிசேர் வரி 15 சதவீதத்திலிருந்து 18 சதவீதமானது. ஆனால் வரி மூன்று புள்ளிகளால் கூடும்போது வரியோடு சேர்ந்த விலை ஏறுவது 2.6 சதவீதம்தான், அதுவும் ரசீது போட்டு விற்கும் சாமானுக்கு மட்டும், மேசன் கூலிக்கு அல்ல. கடை ரசீதுகளையும் அண்ணையின் கொப்பியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, வரியால் வந்தது 2 இலட்சத்து 70 ஆயிரத்தில் நின்றது, மிச்சம் கூலி. ஒப்பந்தகாரரும் மறுக்கவில்லை. இத்தனைக்கும் விலை மாறினால் என்ன செய்வது என்று அந்த இரண்டு பக்கத்தில் ஒரு சொல் இல்லை. அந்தக் கொப்பி இல்லாமல் இருந்திருந்தால் அண்ணை பாதியையாவது கொடுத்திருப்பார்.

வரைபட அனுமதி, திருத்திய வரைபடங்கள், மும்முனை மின் இணைப்பு, தண்ணீர் இணைப்பு, அதற்காக வீதியை வெட்டி மூடும் கட்டணம் எல்லாமாக 6 இலட்சத்து 90 ஆயிரம். இவற்றில் சிக்கலான எதுவும் இல்லை, யாரும் எழுதிவைக்கவில்லை என்பதைத் தவிர.

நேரம்தான் யாருடைய பில்லிலும் வராத செலவு. பத்து மாத வேலை பதினேழு மாதமானது. வெள்ளவத்தை வீட்டுக்கு மாதம் 85 ஆயிரம் வாடகை ஏழு மாதம் மேலதிகமாகப் போனது: 5 இலட்சத்து 95 ஆயிரம். வங்கி கட்டம் கட்டமாக விடுவித்த கடனில் அந்த நேரம் 60 இலட்சம் வெளியே நின்றது; 13 சதவீத வட்டிக்கு ஏழு மாதத்தில் 4 இலட்சத்து 55 ஆயிரம். இரண்டும் சேர்த்து 10 இலட்சத்து 50 ஆயிரம். மேலதிகச் செலவுக்கென்று அவர்கள் ஆரம்பத்தில் ஒதுக்கியிருந்தது 15 இலட்சம். மிச்சத்துக்கு ஊரில் இருந்த இரண்டு பரப்புக் காணி விலைப்பட்டது, அக்காவின் தாலிக்கொடி தவிர்ந்த நகைகள் அடகுக்குப் போயின.

முழுக் கணக்கையும் முன்னால் வைத்து, எந்தக் காசு போகாமல் இருந்திருக்கலாம் என்று பென்சிலால் குறித்துக்கொண்டு போனேன். இடித்துக் கட்டியது 7.3, தாமதம் 10.5, அத்திவாரத்தில் அவசரத்தால் போனது ஏறத்தாழ 6. சேர்த்து 24 இலட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. மிச்சம் 84 இலட்சமும் எப்படியும் போயிருக்க வேண்டிய காசு. அந்தக் காணியில் அந்த வீட்டின் விலை முதல் நாளிலிருந்தே 293 இலட்சம். அதை 209 இலட்ச வீடு என்று நம்பி இரண்டு தரப்பும் கையெழுத்திட்டன. ஒப்பந்தகாரருக்குச் சந்தேகம் இருந்திருக்கும், அண்ணைக்கு இருக்கவில்லை. “293 என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீங்கள் அண்ணை?” என்று கேட்டேன். “கட்டியிருக்க மாட்டன்” என்றார். அக்கா உள்ளே இருந்து, “கட்டியிருப்பம், மாடி இல்லாமல்” என்றா.

பல்கனிக்கு வருகிறேன். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம் பொருந்தும் பிரதேசத்தில், அனுமதி பெற்ற வரைபடத்தின்படியே கட்டியிருக்கிறது என்பதற்கான இணக்கச் சான்றிதழைப் பெற வேண்டும். ஒன்றரை அடி அகலித்த பல்கனி, பின்பக்கம் விட்டிருக்க வேண்டிய வெளிக்குள் அந்த ஒன்றரை அடியும் நீட்டிக்கொண்டு நிற்கிறது. திருத்திய வரைபடம் கொடுத்திருக்கிறார்கள். ஏற்றுக்கொண்டால் கட்டணம், இல்லையென்றால் வெட்ட வேண்டும். பல்கனியின் விளிம்பு ராப்டிலிருந்து எழும் இரண்டு தூண்களோடு சேர்த்துக் கொங்கிறீட் போட்டது. அதை வெட்டுவதற்கு ஒப்பந்தகாரர் இன்னும் விலை சொல்லவில்லை. என் பட்டியலில் அந்த வரிக்கு எதிரே தொகை எழுதாமல் விட்டிருக்கிறேன்.